மூன்றாம் வருடக் கேடயம்

எங்கள் கல்லூரி டெனிஸ் கோர்ட்டுக்கு இப்போது யாகப்பு மாஸ்டரின் பெயரை வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியைக்குச் செய்கிற மரியாதை. ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைச் சொன்னபோது கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. நான் எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெண் குனிந்து, "கால் ஏலாதா றம்லா டீச்சர்?" என்று கேட்டாள். கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அப்படிச் சொன்னால் என் வாய் அழுகிப் போகும். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் நடுவில், கடலையும் தென்னையையும் விட்டால் வேறொன்றும் இல்லாத இடத்தில் இருக்கிற ஒரு பெண்கள் கல்லூரியின் பெயரைக் கொழும்புப் பத்திரிகைகளில் வரவைத்த மனிதர் அவர். அவர் வருவதற்கு முன் எங்கள் கோர்ட்டில், கல்லூரி அதிபராக இருந்த கன்னியாஸ்திரி மதரின் மாடுகள்தான் மேய்ந்தன.

யாகப்பு மாஸ்டர் தலவிலப் பக்கத்து ஆள். தகப்பன் தென்னந்தோட்டத் துரைமாரின் கிளப்பில் சமையல் செய்தவர். மகன் அங்கேயே பந்து பொறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு, வளர்ந்ததும் மார்க்கர் ஆனார். மார்க்கர் என்றால், ஆடக் கூட்டாளி கிடைக்காத துரைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று ஆடிக் கொடுக்கிறவர். அவர்களை வெல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் வெல்லக் கூடாது. ஆட்டம் முடிந்து துரைமார் கதிரையில் சாய்ந்து குடிக்கும்போது மார்க்கர் மரத்தடியில் நிற்க வேண்டும். பல வருடம் அப்படி நின்றவர், ஒரு நாள் கொழும்பில் இருந்து வந்த பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு செட் கூடக் கொடுக்காமல் மடக்கிவிட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்களாம்.

இந்தக் கதையை அவர் என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும் விரலை நீட்டி, "வெண்டவனுக்குத் திறக்காத கதவு இல்ல டீச்சர்" என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் ஒழுங்காகப் போவது எனக்குத் தெரியும். ஆனால் அவர் உண்மையில் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

துரைமார் போய், கிளப்பும் பூட்டிய பிறகு மதர் அவரைக் கல்லூரிக்குக் கூப்பிட்டார். முதல் வருடம் எங்கள் பிள்ளைகள் கொழும்புக்குப் போய்ச் சிரிப்புக்கு இடமாகித் திரும்பினார்கள். நாலாம் வருடம் கோப்பையோடு வந்தார்கள். எதிரில் நின்றவை பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். வீட்டிலேயே கோர்ட் வைத்திருந்தவர்கள். எங்களுடையவை எத்தாளையில் இருந்தும் மாம்புரியில் இருந்தும் விடுதிக்கு வந்து சேர்ந்த தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு ஒரு றக்கெட். அப்படி ஆடியவர்களில் பலர் இன்றைக்கு வங்கியிலும் சுங்கத்திலும் வேலை செய்கிறார்கள். விளையாட்டு இல்லாவிட்டால் அந்த வேலைகள் கிடைத்திருக்காது. இதையெல்லாம் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

எனக்கு அதில் என்ன பங்கு என்றால், நான் டெனிஸ் பொறுப்பாசிரியை. படிப்பித்தது புவியியல். பெண் பிள்ளைகள் வெளியூர் போனால் ஒரு டீச்சர் கூடப் போக வேண்டும் என்பது மதரின் கண்டிப்பு. டெனிஸைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்தது பந்து என்ன நிறம் என்பது மட்டுமே.

மனிதர் முரடர். கோர்ட்டில் கால் வைத்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. "கோர்ட்டில கதை இல்ல" என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். காரணம் கேட்டால் கோர்ட்டைச் சுற்றி ஓட வேண்டும். பதிந்து வருகிற பந்தை முழங்கால் தரையில் உரசும்படி குனிந்து எடுக்கப் பழக்கினார். எங்கள் கோர்ட் சரளைக்கல் கலந்த கிறவல் தரை. டெனிஸ் பிள்ளைகளின் முழங்கால்கள் எப்போதும் காய்ந்த புண்ணாகவே இருக்கும்.

தவமலரை அவர் கண்டுபிடித்தது உடப்புக் கடற்கரையில். மீன் வாங்கப் போனவர், கரைவலை இழுக்கிற ஆண்களுக்கு நடுவில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை இழுப்பதைப் பார்த்திருக்கிறார். தகப்பன் வீரகத்திக்கு இடுப்பில் அடிபட்டு, கயிறு பிடிக்க முடியாமல் போயிருந்தது. வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. ஊரில் முகம் சுளித்தாலும் பங்கு மீன் வேண்டுமே, அதனால் மூத்தவள் இறங்கிவிட்டாள். அங்கே தும்புக் கயிற்றை வலது தோளில் மாட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி, முன்னுக்குச் சாய்ந்து நடந்து இழுப்பார்கள். மாஸ்டர் மீனை மறந்துவிட்டு அந்தப் பிள்ளையின் தோளையும் காலையும் பார்த்துக்கொண்டு கரையெல்லாம் நடந்தாராம். வீரகத்தியிடம் போய்ப் பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். தாய் பவளம்தான் ஒப்புக்கொண்டவள். விடுதியில் மூன்று வேளைச் சாப்பாடு என்றதும் யோசிக்கவில்லை.

இரண்டே வருடத்தில் தவமலர் எங்கள் முதல் ஆட்டக்காரி ஆனாள். மெலிந்த, கறுத்த, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத பிள்ளை. அவள் அடிக்கிற பந்து எதிர்ப்பக்கத்தாரின் றக்கெட்டைத் திருப்பிவிடும். மாஸ்டர் அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் முழு அணியையும் கல்லூரி வான் வண்டியில் ஏற்றி உடப்புக்குக் கொண்டுபோய் வலை இழுக்க விட்டார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு வாய் நிறையச் சிரிப்பு. கூலியில்லாமல் ஆறு பேர். இழுப்பவர்கள் வலைப்பாட்டான அம்பாவைப் பாட, எங்கள் பிள்ளைகளும் கூடப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். நான் குடையோடு கரையில் நின்றேன்.

ஒரு பருவம் முடிவதற்குள் ஆறு பேருக்கும் வலது தோளில் கறுத்துத் தடித்த ஒரு பட்டை விழுந்துவிட்டது. உள்ளங்கையில் காய்ப்பு. பெற்றோர் சிலர் மதரிடம் போய் முறையிட்டார்கள், கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் என்று. நானும் மாஸ்டரிடம் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தோள் கறுக்காம கப் வராது டீச்சர்" என்றார். வந்தது. அந்த வருடமும் வந்தது, அடுத்த வருடமும் வந்தது. பிள்ளைகளுக்கும் அது பெருமையாகிவிட்டது. விடுதிக் கிணற்றடியில் யாருடைய பட்டை பெரிது என்று அளந்து பார்ப்பார்கள்.

அகில இலங்கைப் போட்டியில் ஒரு பெரிய வெள்ளிக் கேடயம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் வென்ற பள்ளிக்கூடம் ஒரு வருடத்துக்கு வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் அது அந்தப் பள்ளிக்கூடத்துக்கே சொந்தம். அதுவரை யாரும் அப்படி வென்றதில்லை. நாங்கள் இரண்டு வருடம் வென்றிருந்தோம். மாஸ்டர் மூன்றாம் வருடத்துக்கு முன்பே தச்சனைப் பிடித்து, மதரின் அறையில் அதற்கென்று கண்ணாடி போட்ட அலுமாரி செய்ய வைத்துவிட்டார்.

ஆமிக்கும் தமிழ் இயக்கத்துக்கும் சண்டை நடந்த காலம். அந்த வருடம் கொழும்பில் பெரிய குண்டு வெடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புத்தளத்தில் இருந்து கொழும்பு போவதற்குள் எத்தனையோ இடத்தில் இறங்கி ஏற வேண்டும். இருந்தாலும் மாஸ்டருக்குப் பயமில்லை. முந்தின வருடம் நாங்கள் கேடயத்தோடு திரும்பி வந்தபோது, ஆற்றுப் பாலத்தடியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, பிள்ளைகளோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அதை அவர் சந்தோஷமாக நினைவில் வைத்திருந்தார்.

இறுதிப் போட்டி நாள் காலை அதே பாலத்தடியில் எங்களை நிறுத்தினார்கள். இன்னும் சரியாக விடியவில்லை. ஓட்டுநர் முத்தலிபு விளக்கை அணைத்தார். எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பெண்களைச் சாக்குத் திரை போட்ட கொட்டிலுக்குள் ஒரு பொலிஸ்காரி சோதித்தாள். முதலில் நதீகா. சிங்களப் பிள்ளை, தகப்பன் ஆமியில் சார்ஜன்ட். பொலிஸ்காரி அட்டையைப் பார்த்து, "போ நங்கி" என்று தங்கச்சி முறை சொல்லி விட்டாள். அடுத்தது ஜுனைதா. பெயரைப் பார்த்தாள், போகச் சொன்னாள். கத்தரினா பர்னாந்து, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதான், சிங்களவருக்கும் உள்ள பெயரால் தப்பினாள். பின்னால் வந்த இரண்டு பேரும் அப்படியே.

தமிழ்ப் பெயர் போட்ட தவமலரின் அட்டையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

திரைக்குள் நானும் நின்றேன். பொலிஸ்காரி டோர்ச் வெளிச்சத்தைத் தோளில் பிடித்தாள். கையை விரிக்கச் சொன்னாள். பாவாடையை உயர்த்தி முழங்காலைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிப்போனது. இயக்கத்தில் துவக்குப் பிடித்துப் பழகினவளுக்குத் தோளில் தழும்பு இருக்கும், ஊர்ந்து பழகினவளுக்கு முழங்காலில் புண் இருக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிள்ளையிடம் எல்லாமே இருந்தது, ஒன்று குறையாமல்.

அவளுடைய மேலதிகாரி ஒருவர் வந்தார். மாஸ்டர் நல்ல சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினார். றக்கெட்டைக் காட்டினார். றக்கெட்டை யாரும் தூக்கிக்கொண்டு வரலாம் என்றார் அந்த அதிகாரி. பிள்ளையைப் பொலிசில் வைத்திருப்போம், விடுகிற அதிகாரம் எனக்கில்லை, எதைக் காட்டுவதானாலும் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி.க்குத்தான் காட்ட வேண்டும், அவர் வந்து பார்த்துவிட்டு விடுவார், பயப்பட ஒன்றுமில்லை, மற்றவர்கள் போகலாம் என்றார். ஓ.ஐ.சி. எப்போது வருவார்? எட்டுக்கோ ஒன்பதுக்கோ. எங்கள் ஆட்டம் கொழும்பில் ஒன்பது மணிக்கு.

எனக்கு உடனே உதித்தது. மாஸ்டரைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன்.

"மாஸ்டர், இந்தப் பட்டை இவளுக்கு மட்டுமா இரிக்கி? ஆறு பேருக்கும் இரிக்கி. நதீகாவ என்னோட உட்டுட்டுப் போங்க. மத்தவங்க காட்டினா அவங்களையும் புடிச்சி வெச்சிடுவாங்க. நதீகாட வாப்பா ஆமி. அவட தோளக் காட்டினா அந்த ஓ.ஐ.சி. வாய் மூடிட்டு உடுவான்."

"நதீகா இல்லாம எப்பிடி டீச்சர்?"

"இன்னும் நாலு பேர் இரிக்காங்கதானே. நாலு பேர் போதுமெண்டு நீங்கதான் சொல்லுவீங்க."

"விளையாட நாலு பேர் போதும்" என்றார். "வெல்ல ஏலாது."

அவருடைய கணக்கு எனக்கும் விளங்கியது. முதல் ஆட்டக்காரி இல்லை. இரண்டாவதும் இல்லாவிட்டால் கேடயம் போய்விடும். நதீகா இருந்தால் இழுத்துப் பறித்து வெல்லலாம். எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற நதீகா, "நான் நிக்கிறன் சேர்" என்றாள், அவளுக்குத் தெரிந்த தமிழில். மாஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை. "வான்ல ஏறு" என்றார். அவள் ஏறினாள். அவருக்கு எதிர்வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவன்" என்று என்னிடம் சொன்னார். "கேடயத்தோட வந்து நிண்டா ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க. போன வருசம் நீங்களும் பாத்தீங்கதானே." பிறகு தவமலரின் தலையில் கை வைத்து, "பயப்படாதே பிள்ளை" என்றார். அவள் தலையாட்டினாள். வான் பாலத்தைக் கடந்து போனது.

பொலிசில் எங்களை ஒரு வாங்கில் இருத்தினார்கள். தவமலருக்குப் பயம் இருந்ததா என்று கேட்டால், அந்த நேரத்தில் இல்லை. அவளுடைய யோசனை முழுக்கக் கொழும்பில் இருந்தது. "டீச்சர், என்ட இடத்தில சேர் ஆரைப் போடுவார்? கத்தரினாவைப் போட்டா அவளுக்குப் பின்கை வராது" என்றாள். தேத்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். நான் கொண்டுபோயிருந்த பாணையும் சம்பலையும் பிரித்துக் கொடுத்தேன், அதையும் சாப்பிட்டாள். நான்தான் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஓ.ஐ.சி. வந்தபோது மணி பத்தாகிவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு மனதுக்கு லேசாக இருந்திருக்கும். அமைதியாகக் கேட்டார். நான் சொன்னேன்: இந்தப் பிள்ளை டெனிஸ் ஆடுகிறவள், கரைவலை இழுத்துத்தான் தோளில் இந்தத் தழும்பு. அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"டீச்சர், நானும் கடற்கரையில் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகள் வலை இழுக்க மாட்டார்கள். டெனிஸ் ஆடுகிற பிள்ளைகள் வலை இழுப்பதை உலகத்திலேயே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்" என்றார் சிங்களத்தில்.

உண்மைதான். யாகப்பு மாஸ்டரைத் தவிர வேறு எந்தப் பைத்தியக்காரனுக்கும் அப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

"மற்றப் பிள்ளைகளுக்கும் இதே தழும்பு இருக்கிறது" என்றேன்.

"அப்படியா? ஒரு பிள்ளையின் தோளைக் காட்டுங்கள். இப்போதே கூட்டிக்கொண்டு போகலாம். எங்கே அவர்கள்?"

"விளையாடப் போய்விட்டார்கள்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவள் உங்கள் பிள்ளை. இவளைப் பிடித்து வைத்திருக்கிறோம். காட்டினால் விடுவிக்கக்கூடிய சாட்சி உங்களிடம் இருக்கிறது. இவளை விட்டுவிட்டு விளையாடப் போனார்கள் என்று சொல்கிறீர்கள். நான் அதை நம்ப வேண்டுமா?"

 மாஸ்டர் போனதே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் என்ன செய்தேன் என்றால், டெலிபோனைக் கேட்டேன். தந்தார். விளையாடுகிற இடத்துக்கு எடுத்து, எழுதுவினைஞரைப் பிடித்து, மாஸ்டருக்குச் சொல்லுங்கள், ஒரே ஒரு பிள்ளையை உடனே அனுப்பினால் தவமலரை விடுவார்களாம் என்றேன். அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்து பதில் சொன்னார்: ஆட்டம் சமமாக நிற்கிறது, கடைசியாக இரட்டையர் ஆட்டம் தொடங்கிவிட்டது, முடிந்ததும் வருகிறாராம்.

அந்த இரட்டையர் ஆட்டத்தை நதீகாவும் ஜுனைதாவும் வென்றார்கள். அழுதுகொண்டே ஆடினோம் என்று பிறகு ஜுனைதா என்னிடம் சொன்னாள். வென்ற உடனே புறப்பட்டிருந்தாலும் வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் கேடயத்தைக் கொடுக்க வேண்டிய பிரதம விருந்தினர் தாமதமாகத்தான் வந்தார். மாஸ்டர் காத்திருந்தார். முத்தலிபு இரண்டு தடவை போய், "மாஸ்டர், போவோம்" என்று கூப்பிட்டாராம். "வெறுங்கையோட போய் என்ன செய்யிற?" என்று கேட்டாராம் இவர்.

பிடிபட்டவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற ஜீப் மத்தியானம் தாண்டி வந்தது. ஓ.ஐ.சி. அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்து றோட்டைப் பார்த்தார். பிறகு கையை விரித்தார். தவமலர் எழுந்தாள். என்னுடைய கையை அவள் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்துவிட்டது. "அம்மாட்டச் சொல்லாதீங்க டீச்சர். சேர் வந்தா என்னைக் கூட்டிட்டு வந்துடுவார்" என்றாள். நானும் ஏறப் போனேன். பொலிஸ்காரி என்னைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

வான் வந்து நின்றபோது ஜீப் போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மாஸ்டர் கேடயத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். அதன் பளபளப்பில் பொலிஸ்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நதீகா அவரை இடித்துக்கொண்டு ஓடிவந்து, ஓ.ஐ.சி.க்கு முன்னால் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள். ஜுனைதா முக்காட்டை விலக்கித் தன்னுடையதைக் காட்டினாள். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். டெலிபோனை எடுத்தார். பேசினார், காத்திருந்தார், மறுபடி பேசினார். வைத்துவிட்டு, "இனி என் கையில் இல்லை" என்றார். கேடயத்தை அவர் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தவமலரை யாரும் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் இருக்கிறாள் என்றார்கள், அங்கே போனால் வேறோர் இடம் என்றார்கள், கடைசியில் அப்படி ஒரு பெயரே எங்களிடம் இல்லை என்றார்கள். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், மாஸ்டர் அலைந்தார். செருப்புத் தேய அலைந்தார். சட்டத்தரணியைப் பிடித்தார், ஆயரிடம் போனார், மதரையும் இழுத்துக்கொண்டு முகாம் வாசல்களில் நின்றார். அடுத்த வருடம் வேறொரு பிள்ளையைத் தேடிப் பிடித்து மறுபடியும் வென்றார். அதற்கடுத்த வருடமும் வென்றார்.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்த அந்திப்பொழுது. பிள்ளைகளை இருட்டுவதற்குள் விடுதி சேர்க்க வேண்டும். தவமலரின் தகப்பனையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் கொழும்புக்குப் போவது என்று முடிவு. அதனால் உடப்புக்குப் போனோம். வழியெல்லாம் மாஸ்டர் முன் ஆசனத்தில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, யாரிடமும் கொடுக்கவும் தெரியவில்லை அவருக்கு.

உடப்பில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். வானொலி விளையாட்டுச் செய்தியில் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். சம்மாட்டி தென்னைக்குத் தென்னை பட்டாசுக் கோவை கட்டியிருந்தார். எங்கள் வானைக் கண்டதும் கொளுத்திவிட்டார்கள். புகைக்குள்ளே சனம் ஓடி வந்தது. வலை இழுக்கிறவர்கள் அம்பாவைத் தொடங்கி, வரிக்கு வரி தவமலரின் பெயரை வைத்துப் பாடினார்கள். முன்னால் பவளம் ஆலாத்தித் தட்டோடு நின்றாள். தலைவாரிப் பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

பிள்ளைகள் இறங்கினார்கள். பவளம் ஒவ்வொருத்திக்கும் தட்டைச் சுற்றிப் பொட்டு வைத்தாள். தன்னுடையவளுக்குக் கடைசியில் சுற்றலாம் என்று இருந்தாள் போலிருக்கிறது. ஐந்து பேருக்கும் சுற்றி முடித்துவிட்டு வானுக்குள் எட்டிப் பார்த்தாள். "எங்க ஒளிஞ்சிட்டாள் இவள்?" என்று சிரித்தாள்.

நதீகா மண்ணில் குந்தி அழத் தொடங்கினாள். பட்டாசு முடிந்ததும் மாஸ்டர், "ஒரு சின்னச் சிக்கல், நாளைக்கு..." என்று தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை நான்தான் சொன்னேன். பிடித்ததை, ஜீப் வந்ததை. மாஸ்டர் அவளை விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போனதை மட்டும் சொல்லவில்லை. பவளம் தட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

வீரகத்தி கோலை ஊன்றிக்கொண்டு மெதுவாக முன்னுக்கு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரையும் மாஸ்டரின் கையில் இருந்த கேடயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டர், பிள்ளையப் புடிச்சது வெளாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

 எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்று பேசியவர் அவர்.

"முந்தி" என்றார்.

"அப்ப தெரிஞ்சிட்டுத்தான் போனீங்க."

"ஓம்."

வீரகத்தி தலையை ஆட்டினார்.  மண்ணில் இருந்த நதீகாவைத் தோளில் தட்டி எழுப்பிவிட்டார். பிறகு பவளத்தின் பக்கம் திரும்பி, "பிள்ளையளுக்குச் சோத்தப் போடு, பசியோட வந்திருக்குதுகள்" என்றார்.